நீதிமன்றத்தை யாராவது நெருக்குகிறார்களா என்று செய்தியை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி

உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னால் 'விலை போய்விட்டது' என்று எழுதுகிறவர்கள், அடுத்த வாரமே எதிராகச் சொன்னால் 'நீதி இன்னும் சாகவில்லை' என்று எழுதுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அரசின் பக்கம் நியாயம் இருக்கும் வழக்குகள் நிறைய உண்டு, அவற்றில் அரசு ஜெயிப்பதுதான் முறை. நல்ல பெயர் வாங்குவதற்காகச் சில்லறை வழக்குகளில் அரசை ஒரு குட்டு குட்டிவிட்டு, ஆட்சியையே தீர்மானிக்கிற அந்த ஒரே ஒரு வழக்கில் மட்டும் குனிந்து கொடுக்கிற நீதிமன்றங்களும் உண்டு. தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது.

ஜனநாயகம் இன்னும் வேர்பிடித்துக்கொண்டிருக்கும் நாடுகளில் நீதிபதியை நேரடியாக மிரட்டுகிற ஆட்சியாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் நெருக்கடி ஆபீஸ் காகிதமாகத்தான் வந்து சேர்கிறது. ஓய்வு வயது, நாற்காலிகளின் எண்ணிக்கை, விடுப்புக் கணக்கு, எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது என்கிற பட்டியல், இப்படி. செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்துவிட்டுப் போய்விடும். அந்த நாலு வரியை எப்படிப் படிப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

மலாவியில் நடந்ததைப் பாருங்கள். 2019 மே மாதத் தேர்தலில் எண்ணிக்கைத் தாள்களில் வெள்ளைத் திருத்த மையைப் பூசி எண்களை மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் அந்த அதிபர் தேர்தலையே ரத்து செய்தார்கள். அன்று அவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தது ராணுவக் கவச வண்டியில், உடம்பில் குண்டு துளைக்காத சட்டையோடு. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஜூன் 12 அன்று வந்த ஓர் அறிவிப்பு. மறுதேர்தலுக்குப் பதினொரு நாள்தான் பாக்கி. தலைமை நீதிபதி ஆண்ட்ரூ நியிரெண்டா உடனே விடுப்பில் போக வேண்டும் என்றது அரசு. ஏன்? அவர் எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த விடுப்பு நாட்கள், ஓய்வு பெற மிச்சமிருந்த நாட்களைவிட அதிகமாம்! ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் தடை கொடுத்தது, அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. 23ஆம் தேதி தேர்தல் நடந்து ஆட்சியும் மாறியது. துப்பாக்கி தெரிகிற படத்தை எல்லோரும் பார்த்துவிடுவோம், விடுப்புக் கணக்கைத்தான் கோட்டை விடுவோம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் வயதைப் பாருங்கள்

ஓய்வு வயதை மாற்றுகிற மசோதா வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இப்போது நாற்காலியில் இருப்பவர்களுக்கும் பொருந்துமா, இனிமேல் நியமிக்கப்படுபவர்களுக்கு மட்டுமா? இனிமேல் வருபவர்களுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் அது நிர்வாக விஷயம், விட்டுவிடலாம். இருப்பவர்களுக்கும் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஹங்கேரியில் நீதிபதிகளின் ஓய்வு வயது 70 ஆக இருந்தது. 2012இல் அதை ஒரே வெட்டாக 62 ஆக்கினார்கள். மூத்தவர்கள், அதாவது மேல்நிலைப் பதவிகளில் இருந்தவர்கள், கொத்தாக வெளியே போனார்கள். அதே வருஷம் நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இது தவறு என்று சொன்னது. அதற்குள் அவர்கள் இருந்த தலைமை இடங்களில் பெரும்பாலும் வேறு ஆட்களைப் போட்டாகிவிட்டது, திரும்பி வந்தவர்களுக்குப் பழைய நாற்காலி காலியாக இல்லை. வழக்கில் தோற்றாலும் காரியத்தில் ஜெயிக்கிற வித்தை இது. இதை மற்றவர்களும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2018இல் போலந்து. உச்ச நீதிமன்றத்தில் 70 என்பதை 65 ஆக்கினார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு நீதிபதிகள் காலி. தலைவராக இருந்த மல்கோஷாத்தா கெர்ஸ்டோர்ஃபுக்கு 65 ஆகியிருந்தது, ஆனால் அவருடைய பதவிக்காலம் ஆறு வருஷம், 2020 வரை என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஜூலை 4 காலையில் அந்த அம்மா வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டார். வாசலில் கூடியிருந்த கூட்டம் 'அரசியலமைப்பு! அரசியலமைப்பு!' என்று கோஷம் போட்டது. அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட, அனுப்பப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள், அவரும் 2020 ஏப்ரலில் தன் காலத்தை முடித்துவிட்டுத்தான் போனார். ஹங்கேரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தடை சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான். அதனால் இந்த மாதிரிச் செய்தியில் 'வழக்கு தொடரப்பட்டுள்ளது' என்ற வரியோடு திருப்தி அடையாதீர்கள். இடைக்காலத் தடை கிடைத்ததா என்று தேடிப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் கடைசித் தீர்ப்பு வரும்போது ஆள் மாறியிருக்கும்.

எல் சால்வடாரில் 2021 ஆகஸ்டில் 60 வயதைத் தாண்டிய, அல்லது 30 வருஷ சர்வீஸ் முடித்த நீதிபதிகளை அனுப்பச் சட்டம் போட்டார்கள். சொன்ன காரணம் ஊழல் ஒழிப்பு. ஊழலுக்கும் அறுபது வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இருக்காது.

வயதைக் குறைப்பது மட்டும் இல்லை, கூட்டுவதும் உண்டு. ஜிம்பாப்வேயில் 2021 மே மாதம் தலைமை நீதிபதிக்கு 70 முடிகிற நேரம் பார்த்து, 75 வரை இருக்கலாம் என்று அரசியலமைப்பைத் திருத்தினார்கள். உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, மேலே போனபோது செல்லும் ஆகிவிட்டது. தண்டனையைக் கண்டுபிடிப்பது சுலபம். பரிசு என்றால் பலரும் கவனிக்கவே மாட்டார்கள்.

நாற்காலிகளை எண்ணுங்கள்

1990இல் அர்ஜென்டினாவில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நாற்காலி ஒன்பதானது. 2004இல் வெனிசுவேலாவில் இருபது முப்பத்திரண்டானது. வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, அதனால் ஆள் வேண்டும் என்றுதான் எப்போதும் சொல்வார்கள். பல நாடுகளில் உண்மையாகவே தேங்கித்தான் கிடக்கின்றன, அதனால் எண்ணிக்கை கூடியது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். புதிய நாற்காலிகளை யார் நிரப்புகிறார்கள், எவ்வளவு வேகமாக, ஆளும் கட்சி ஒன்றே போதுமா, எதிர்க்கட்சி ஓட்டும் தேவைப்படுமா என்று பாருங்கள். சாதாரண பெரும்பான்மையே போதும் என்றால் அந்த நாற்காலிகள் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

ஆளே போடாமல் காலியாக வைத்திருப்பதும் ஒரு கலை. கென்யாவில் 2019இல் நீதிப்பணி ஆணையம் 41 பேரை நீதிபதிகளாகப் பரிந்துரைத்தது. அதிபர் கென்யாட்டா கையெழுத்துப் போடாமலே வைத்திருந்து, 2021 ஜூனில் 34 பேரை மட்டும் நியமித்தார். இது செய்தியாகவே வராது, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லையே! எதுவும் நடக்காததைக் கவனிக்க ஒரே வழி தேதியைக் குறித்து வைப்பதுதான். பரிந்துரை போன தேதி, நியமனம் வந்த தேதி. நடுவில் எத்தனை மாதம் என்பதும், எந்தப் பெயர்கள் மட்டும் நின்றுபோயின என்பதும்தான் தகவல்.

வரிசையை மீறினால்

இந்தியா குடியரசாகி இருபத்துமூன்று வருஷம் ஆகியிருந்தபோது நடந்தது இது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதற்கு மறுநாளே, ஷேலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, அரசின் பக்கம் எழுதியிருந்த ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். அப்புறம் 1976இல், நெருக்கடி நிலையில் ஒருவரைக் காரணமில்லாமல் சிறையில் வைத்தாலும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று ஐந்து பேரில் நால்வர் சொன்னபோது, எச்.ஆர்.கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி எம்.எச்.பெக்குக்குப் போனது.

இதில் பார்க்க வேண்டியது போனவர்களை இல்லை. அவர்கள் கௌரவமாகப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்கள், அதிலும் அடுத்த வரிசையில் நிற்கிறவர்கள், என்ன பாடம் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆக, பதவி உயர்வு, இடமாற்றம், தாண்டிப்போன நியமனம் என்று எது வந்தாலும் அந்த நீதிபதி அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் என்ன தீர்ப்பு எழுதினார் என்று ஒரு தேடல் போடுங்கள். பத்து நிமிஷ வேலை.

பின்னால் 1993இல் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறை உறுதியானது, அதை மாற்ற வந்த ஆணையச் சட்டத்தையும் 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நோய்க்கு மருந்து கிடைத்தது, மருந்துக்கு ஒரு பக்கவிளைவும் கிடைத்தது: மூடிய கதவுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. அரசின் கைக்கு எட்டாமல் இருப்பது வேறு, யாருக்குமே பதில் சொல்லாமல் இருப்பது வேறு. என் கணக்கில் இரண்டாவதும் ஒரு பலவீனம்தான், ஏனென்றால் அதைக் காட்டித்தான் அரசு அடுத்த முறை உள்ளே வரும்.

எந்த வழக்கு, யார் கையில்

இதுதான் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாதது. நாற்காலியில் யாரையும் மாற்ற வேண்டாம், வயதைத் தொட வேண்டாம், முக்கியமான வழக்கு வரும்போது சரியான அமர்வுக்கு அனுப்பினால் போதும். 2018 ஜனவரி 12 அன்று டெல்லியில் ஒரு வீட்டுப் புல்வெளியில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள் இல்லையா, அவர்களுடைய புகாரின் சாரமே இந்த ரோஸ்டர் விவகாரம்தான். முக்கியமான வழக்குகள் தேர்ந்தெடுத்த அமர்வுகளுக்குப் போகின்றன, அதற்கு ஒரு முறை இல்லை என்பது. அன்று பலரும் 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்றார்கள். ஆமாம், இதற்குத்தான்.

உறவு முறையையும் சேர்த்துப் பாருங்கள். இந்தோனேசியாவில் துணை அதிபர் வேட்பாளருக்குக் குறைந்தது 40 வயது ஆகியிருக்க வேண்டும். அதிபர் ஜோகோவியின் மகன் ஜிப்ரானுக்கு அப்போது 36. 2023 அக்டோபர் 16 அன்று, மேயர் போன்ற தேர்தல் பதவியில் இருந்தவர்களுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஜிப்ரான் அப்போது மேயர். நீதிமன்றத் தலைவர் அன்வர் உஸ்மான் அதிபரின் தங்கை கணவர், அதாவது வேட்பாளருக்கு அத்தை வீட்டுக்காரர். நவம்பரில் ஒழுங்குக் குழு அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது, ஜிப்ரான் துணை அதிபரும் ஆகிவிட்டார்.

சொன்னது நடந்ததா

தீர்ப்பு வந்த அன்று எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் மூன்று வாரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். போலந்தில் 2016 மார்ச் 9 அன்று அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அங்கே தீர்ப்பு அரசிதழில் அச்சானால்தான் நடைமுறைக்கு வரும். அரசு அச்சிடவில்லை. மறுக்கவும் வேண்டாம், மீறவும் வேண்டாம், அச்சகத்துக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்!

தீர்ப்பே வராமல் செய்வதும் நடக்கும். கென்யாவில் 2017 செப்டம்பர் 1 அன்று நால்வருக்கு இருவர் என்ற கணக்கில் அதிபர் தேர்தல் ரத்தானது. கென்யாட்டா நீதிபதிகளை மேடையிலேயே 'வகோரா', அதாவது அயோக்கியர்கள், என்று திட்டினார். மறுதேர்தல் அக்டோபர் 26. அதைத் தள்ளிவைக்கக் கோரிய மனு 25ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. 24 மாலை துணைத் தலைமை நீதிபதியின் ஓட்டுநரை யாரோ சுட்டார்கள். மறுநாள் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேராவது வந்தால்தான் அமர்வு கூடும் என்ற நிலையில், வந்தவர்கள் இரண்டே பேர், தலைமை நீதிபதி மராகாவும் இன்னொருவரும். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை, ஒருவருக்கு விமானம் கிடைக்கவில்லை என்று மராகா காரணங்களைப் படித்தார். மனு விசாரிக்கப்படவே இல்லை, தேர்தல் நடந்தது.

மாலத்தீவில் இவ்வளவு நாசூக்கெல்லாம் இல்லை. 2018 பிப்ரவரி 1 அன்று எதிர்க்கட்சித் தலைவர்களை விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 5ஆம் தேதி நெருக்கடி நிலை, இரவோடு இரவாகத் தலைமை நீதிபதியும் இன்னொரு நீதிபதியும் கைது. 6ஆம் தேதி மிச்சமிருந்த மூவர் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஒரே நீதிமன்றம், ஒரே வழக்கு, ஐந்து நாளில் இரண்டு முடிவு.

சரி, கீழ்ப்படிந்தால் எப்படி இருக்கும்? 2010இல் கொலம்பியாவில், மக்களிடம் நல்ல செல்வாக்கோடு இருந்த அதிபர் உரிபே மூன்றாவது முறை நிற்க வழி செய்யும் வாக்கெடுப்பை நீதிமன்றம் தடுத்தது. அவர் ஏற்றுக்கொண்டு ஒதுங்கினார். இலங்கைக் கதை இன்னும் நல்ல பாடம். 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப்பிரேரணையில் நீக்கினார்கள், அந்த விசாரணை செல்லாது என்று நீதிமன்றங்கள் சொன்னதை நாடாளுமன்றம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 2015இல் ஆட்சி மாறியதும் அவர் ஒரு நாள் மட்டும் திரும்ப வந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் 19ஆவது திருத்தம் வந்தது, நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் தேவையானது, ஜனாதிபதி நினைத்த நேரத்தில் நாடாளுமன்றத்தைக் கலைப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. 2018இல், அந்தத் திருத்தம் வந்தபோது ஜனாதிபதியாக இருந்த அதே சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். அவரும் பணிந்தார். நாடு அதேதான், இடையில் ஓடியது ஆறு வருஷம்கூட இல்லை. மாறியதில் பெரிய பங்கு நியமன விதிக்கு என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் நெருக்கடி என்று சொல்லிவிடாதீர்கள்

லஞ்சம் வாங்கும் நீதிபதிகள் உண்டு, அவர்களை அனுப்பத்தான் வேண்டும். அப்போது சுத்தம் செய்வதையும் பழிவாங்குவதையும் எப்படிப் பிரிப்பது? கென்யாவையும் துருக்கியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010 அரசியலமைப்புக்குப் பின் கென்யாவில் பதவியிலிருந்த எல்லா நீதிபதிகளையும் ஒரு வாரியம் பரிசீலித்தது. வெளிநாட்டு நீதிபதிகளும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து, காரணம் எழுதி முடிவு சொன்னார்கள். துருக்கியில் 2016 ஜூலை 15 இரவு ராணுவக் கலக முயற்சி நடந்தது, மறுநாளே 2,745 நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் இடைநீக்கம். ஒரே நாளில் அத்தனை பேரை விசாரிக்க முடியாது, பட்டியல் முன்பே இருந்திருந்தால்தான் உண்டு.

அப்புறம், நமக்குப் பிடித்தவர்கள் நெருக்கினாலும் அது நெருக்கடிதான். வங்கதேசத்தில் 2017இல் அரசோடு மோதிய தலைமை நீதிபதி எஸ்.கே.சின்ஹா நாட்டை விட்டுப் போய் ராஜினாமா செய்தபோது கவலைப்பட்டவர்களில் பலர், 2024 ஆகஸ்டில் மாணவர்கள் நீதிமன்றத்தைச் சூழ்ந்துகொண்டு இன்னொரு தலைமை நீதிபதியை ராஜினாமா செய்ய வைத்தபோது கை தட்டினார்கள். முதல் வழக்கில் அரசு, இரண்டாவதில் தெரு. நாற்காலியில் இருப்பவர் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றேதான்.

நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது என்பவர்களுக்கு: மெக்சிகோவில் 2025 ஜூன் 1 அன்று அப்படி ஒரு தேர்தல் நடந்தது, ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 13 சதவீதம்.

கையில் என்ன வைத்துக்கொள்ளலாம்

ஐ.நா. 1985இல் ஏற்ற நீதித்துறைச் சுதந்திரத்துக்கான அடிப்படைக் கோட்பாடுகள் மொத்தம் இருபதுதான், ஒரு தேநீர் நேரத்தில் படித்துவிடலாம். 7ஆவது பணம் பற்றியது, 12ஆவது பதவிக்கால உறுதி, 14ஆவது வழக்கு ஒதுக்கீடு நீதித்துறையின் உள்விவகாரம் என்பது, 18ஆவது எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்பது. ஒரு நாட்டில் நடப்பது சரியா என்று சந்தேகம் வந்தால் இந்த நான்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி தெளிவு வந்துவிடும்.

வழக்கறிஞர் சங்கங்கள் என்ன செய்கின்றன என்றும் பாருங்கள். பாகிஸ்தானில் 2007 மார்ச் 9 அன்று முஷரஃப் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியை ஒதுக்கியபோது கறுப்புக் கோட்டுகள் தெருவுக்கு வந்தன, இரண்டு வருஷம் விடாமல் நின்று 2009 மார்ச்சில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்றாடம் அந்த அறைக்குள் போய் வருகிறவர்களுக்கு நமக்கு முன்பே வாசனை தெரியும். அவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்றால் அவசரப்படாதீர்கள், எல்லாத் தரப்பும் ஒன்றாக நிற்கிறார்கள் என்றால் விஷயம் பெரிது.

நான் ஒரு சாதாரண நோட்டில் நாலு பத்தி போட்டு வைத்திருக்கிறேன்: தேதி, என்ன மாற்றம், யாருடைய நாற்காலி, அப்போது எந்த வழக்கு நிலுவையில் இருந்தது. கடைசிப் பத்திதான் முக்கியம். அதை அன்றே எழுதிவிட வேண்டும், பின்னால் எழுதினால் நமக்குத் தோதாக ஏதாவது ஒரு வழக்கைத் தேடிப் பொருத்திவிடுவோம். அந்தப் பத்தி அடிக்கடி காலியாகவே இருக்கும். அது நல்லதுதான், காலியாக இருந்தால் காலி என்றே விடுங்கள்.

'நீதித்துறைச் சீர்திருத்த மசோதா' என்று எங்கேயாவது தலைப்பு பார்த்தால் முன்னுரையைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அதில் எல்லா நாட்டிலும் ஒரே வசனம்தான். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். என்றைக்கு அமலுக்கு வருகிறது, ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களை என்ன செய்யப்போகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான், சின்ன எழுத்தில் இருக்கும்.